ரயில்வேயைக் கவனிக்காத ரயில்வே ஆணையம்: டெக்சாஸில் கைகூடாத பெயர் மாற்றம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு உற்பத்தியை ஒழுங்குபடுத்தும் அமைப்பின் பெயர் 'டெக்சாஸ் ரயில்வே ஆணையம்'. ஆனால், ரயில்வே தொடர்பான எந்தப் பணியும் தற்போது அந்த ஆணையத்திடம் இல்லை.

ரயில் நிறுவனங்களின் சரக்குக் கட்டணங்களை முறைப்படுத்துவதற்காக, ஆளுநர் ஜேம்ஸ் ஹாக்கின் முயற்சியால் 1891-ஆம் ஆண்டு இந்த ஆணையம் நிறுவப்பட்டது. 1917-இல் எண்ணெய்க் குழாய்களும், 1919-இல் எண்ணெய், எரிவாயு உற்பத்தியும் இதன் அதிகார வரம்புக்குள் வந்தன. 1930-களில் எண்ணெய்க் கிணறுகளுக்கு உற்பத்தி வரம்பு விதித்த இதன் நடைமுறை, 1960-இல் உருவான 'ஓபெக்' கூட்டமைப்புக்கு முன்மாதிரியாக விளங்கியது. எஞ்சியிருந்த ரயில்வே பணிகள் 2005-இல் மாநில போக்குவரத்துத் துறைக்கு மாற்றப்பட்டன.

இந்தியாவில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையங்களின் உறுப்பினர்களை மாநில அரசுகள் நியமிக்கின்றன. டெக்சாஸ் ரயில்வே ஆணையத்தின் 3 உறுப்பினர்களையோ வாக்காளர்களே 6 ஆண்டு பதவிக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கின்றனர். எனவே, பெயரை மட்டும் பார்த்து வாக்களிப்பவர், எரிசக்தித் துறையைக் கண்காணிப்பவரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதை அறியாமல் போகக்கூடும் என்பதே பெயர் மாற்றத்தை வலியுறுத்துவோரின் முக்கிய வாதம்.

அரசு அமைப்புகள் தொடர வேண்டுமா என்பதைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் பரிசீலிக்கும் சட்டம் டெக்சாஸில் நடைமுறையில் உள்ளது. அதன்படி 2010 முதல் 2017 வரை 3 முறை இந்த ஆணையம் ஆய்வுக்குள்ளானது. 'டெக்சாஸ் எண்ணெய், எரிவாயு ஆணையம்', 'டெக்சாஸ் எரிசக்தி வள ஆணையம்' ஆகிய பெயர்கள் முன்மொழியப்பட்டன. தாங்கள் கண்காணிக்கும் நிறுவனங்களிடமிருந்தே உறுப்பினர்கள் தேர்தல் நிதி பெறுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கும் யோசனையும் எழுந்தது.

பெயர் மாற்றத்தால் சட்டச் சிக்கலும் செலவும் ஏற்படும் என எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். 2011, 2013 ஆகிய ஆண்டுகளில் கொண்டுவரப்பட்ட மசோதாக்கள் நிறைவேறவில்லை. 2017-இல் நிறைவேறிய சட்டம், பெயரை மாற்றாமலேயே ஆணையத்தை 2029 வரை நீட்டித்தது.

இதனிடையே, 2021 பிப்ரவரியில் வீசிய கடும் பனிப்புயலில் எரிவாயு விநியோகம் பாதிக்கப்பட்டது, டெக்சாஸ் பெரும் மின்வெட்டைச் சந்தித்ததற்கான காரணங்களில் ஒன்றாக அமைந்தது. அந்தப் பேரிடரில் 246 பேர் உயிரிழந்ததாக மாநில சுகாதாரத் துறை அறிவித்தது. இதையடுத்து, எரிவாயுக் கட்டமைப்புகள் கடும் குளிரைத் தாங்குவதை உறுதிசெய்யும் பொறுப்பும் அதே 'ரயில்வே' ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது.