பணத்தைத் திருப்பிக் கொடு! - ஈபே தகராறுகளின் கதை

இணையத்தில் முகம் தெரியாதவருக்குப் பொருள் விற்பது இன்று சாதாரணம். ஆனால் "பொருள் உடைந்து வந்தது, பணத்தைத் திருப்பிக் கொடு" என்று வாங்கியவரும், "நல்லதாகத்தான் அனுப்பினேன்" என்று விற்றவரும் மல்லுக்கு நின்றால் பஞ்சாயத்து செய்வது யார்?

1995ல் அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஏலத் தளமே பின்னாளில் ஈபே ஆனது. ஆரம்பத்தில் புகார்கள் அவருக்கே மின்னஞ்சலில் வந்தன. அதனால் 1996ல், வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைக் கொண்டு வந்தார்.

மதிப்பீடு மட்டும் போன பணத்தை மீட்டுத் தருமா? 1999ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 200 ஈபே தகராறுகளை எடுத்து, மின்னஞ்சலிலேயே சமரசம் பேசிப் பார்த்தனர். பிறகு ஸ்கொயர்டிரேட் நிறுவனம் இதைப் பெரிய அளவில் செய்தது. முதலில் இருவரும் தங்களுக்குள் பேச வேண்டும். முடியாவிட்டால் நடுவர் வருவார்.

2002ல் பேபால் நிறுவனத்தை ஈபே வாங்கியது. பணம் கைமாறும் இடமே தீர்ப்பு சொல்லும் இடமாகவும் ஆனது. பொருள் வரவில்லை என்று புகார் வந்தால், சரியான முகவரிக்கு அனுப்பியதை விற்றவர் கண்காணிப்பு எண்ணோடு நிரூபிக்க வேண்டும்.

2008ல் வாங்குபவருக்கு மோசமான மதிப்பீடு தரும் உரிமையும் விற்பவரிடமிருந்து போனது. விற்பவர் பழிவாங்குவார் என்று பயந்து வாங்குபவர்கள் உண்மையை எழுதுவதில்லை என்றது ஈபே. அந்த பிப்ரவரியில் விற்பனையாளர்கள் பலர் ஒரு வாரம் கடையடைப்பு செய்தும் முடிவு மாறவில்லை.

திருப்பித் திட்டும் வாய்ப்பு போனபின், விற்பவருக்கு மிஞ்சிய ஆயுதம் அந்தச் சின்ன ரசீதுதான்.