சாய்ந்து வீழும் கதிர்: எக்ஸ் கதிர் ஆடிகளின் வரலாறு

நோர்வூட்டிற்கு அண்மையிலுள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தைத் தேயிலைச் சரிவின் உயரத்தினின்று குனிந்து நோக்குபவனுக்கு நீரின் ஆழம் ஓரளவு புலனாகும். நீர்மட்டத்தோடு கண்ணை வைத்து நோக்குபவனுக்கோ எதிர்க்கரைக் குன்றுகளே தலைகீழாகத் தோன்றும். மிகச் சாய்ந்து வீழும் ஒளி மிகுதியாகத் தெறிக்கும் என்னும் இவ்வியல்பே எக்ஸ் கதிர்களைக் குவிக்கும் கலைக்கும் வழிகாட்டியது. காரணம் மட்டும் சற்று வேறு.

1895 நவம்பரில் இக்கதிர்களைக் கண்ட ரொண்ட்ஜன், வில்லையாலோ ஆடியாலோ அவற்றைத் திருப்ப முயன்று தோல்வியுற்றார். ஆடிமீது செங்குத்தாக வீழும் எக்ஸ் கதிர் அதனுட் புகுந்து உறிஞ்சப்பட்டுவிடுகின்றது. ஆயின் இக்கதிர்களைப் பொறுத்தவரை உலோகங்களின் முறிவுச் சுட்டி ஒன்றிலும் மிகச் சிறிது குறைவானது. ஆதலின், மேற்பரப்பை உரசிச் செல்லுமாறு ஓரிரு பாகைச் சாய்வில் வரும் மென் எக்ஸ் கதிர் உள்ளே புகாது முழுத்தெறிப்படைகின்றது. கதிரின் சக்தி கூடக்கூட அக்கோணமும் சுருங்கும். ஆதர் கொம்ரன் 1923 இல் இத்தெறிப்பை நிறுவினார்.

உரசிச் செல்லும் கதிரைத் தெளிவான விம்பமாக்குதல் எளிதன்று. தனியொரு பரவளைவுரு ஆடி அச்சிலிருந்து விலகிய கதிர்களை மங்கச் செய்துவிடும். ஜேர்மனியரான ஹான்ஸ் வோல்ற்றர் 1952 இல், பரவளைவுருவை அடுத்து அதிபரவளைவுருவை அமைத்துக் கதிரை இருமுறை தெறிக்கச் செய்யும் திட்டத்தை வகுத்தார். அவர் நாடியது நுணுக்குக்காட்டி. அதற்குரிய சிறிய ஆடிகளை வேண்டிய அளவு செம்மையாக மெருகிட அன்று எவராலும் இயலவில்லை. நுண்பொருளைக் காணப் பிறந்த திட்டம் விண்மீனைக் காணவே பயன்பட்டது! விண்ணுக்கு ஏற்ற ஆடி பெரிதாகையால் மெருகிடுதல் ஒப்பளவில் இலகுவாயிற்று. ஜியாக்கோனியும் றொஸ்ஸியும் 1960 இல் சாய்தெறிப்புத் தொலைகாட்டியை முன்மொழிந்தனர். 1978 இல் ஐன்ஸ்டைன் செய்மதி வோல்ற்றரின் வடிவத்தை விண்ணுக்குக் கொண்டுசென்றது.

அவ்வழியில் 1999 ஜூலையில் ஏவப்பட்டதே சந்திரா. பெயர் நிலவைக் குறித்ததன்று. சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரைக் குறித்தது. வெண்குறுமீனின் திணிவுக்கு எல்லையுண்டு என அவர் கூறியதை 1935 இல் எடிங்ரன் பலர்முன் எள்ளி மறுத்தார். அவ்வெல்லையைக் கடந்து ஒடுங்கிய விண்மீன்களுள் வீழும் பொருள் கொதித்து உமிழும் எக்ஸ் கதிர்களையே சந்திரா தேடுகின்றது. இரிடியம் பூசிய நான்கு சோடிக் கண்ணாடி ஆடிகள் ஒன்றினுள் ஒன்றாய் அமைந்து, 10 மீற்றருக்கு அப்பால் கதிர்களைக் குவிக்கின்றன.

இந்தியாவின் முயற்சி தடங்கலோடு தொடங்கியது. 1975 ஏப்பிரலில் ஏவப்பட்ட ஆரியபட்டாவில் இருந்த எக்ஸ் கதிர்ச் சோதனை மின்வழங்கல் பழுதினால் சில நாட்களிலேயே நின்றது. அதில் குவிக்கும் ஆடியுமில்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து, 2015 செப்ரெம்பர் 28 இல் ஏவப்பட்ட அஸ்ட்ரோசற்றில் மும்பாய் ராற்றா ஆராய்ச்சி நிறுவனத்தார் அமைத்த மென் எக்ஸ் கதிர்த் தொலைகாட்டி இடம்பெற்றது. தடித்த கண்ணாடியைச் செதுக்குவதற்குப் பதிலாக, பொன் பூசிய மெல்லிய அலுமினியத் தகடுகளைக் கூம்பாக வளைத்து, 40 ஓடுகளாக அடுக்கினர். கூம்பு வோல்ற்றர் வடிவத்தை ஏறக்குறையவே ஒத்தது. ஆகவே சந்திராவின் கூர்மை இதற்கில்லை. எனினும் நிறை குறைவு, செலவும் குறைவு. இது வறுமையின் சமாதானமன்று, சிறந்த தெரிவே. குவியத்தூரம் 2 மீற்றர். அவ்வாண்டு ஒக்ரோபரில் கதவு திறக்கப்பட்டபோது, தொலைதூர விண்மீன் மண்டலமொன்றின் கதிர்கள் அத்தகடுகளை உரசிக் குவியத்தை அடைந்தன.