ஆய்வுக்கு இசைவு தந்த அன்னையர்

37 வாரங்கள் நிறைவடையுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறோம். அக்குழந்தைக்கு வரும் பெரிய ஆபத்து மூச்சுத்திணறல். நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பொருள் அதன் உடலில் இன்னும் போதுமான அளவு சுரந்திருக்காது. 1963ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அமெரிக்க அரசுத்தலைவர் ஜான் கென்னடி அவர்களின் மகன் பாட்ரிக் ஐந்து வாரங்களுக்கும் மேல் முன்னதாகப் பிறந்து, 39 மணி நேரமே வாழ்ந்து இறந்தான். அரசுத்தலைவரின் பிள்ளையைக் காப்பாற்றவும் அன்று மருந்து இல்லை.

அம்மருந்துக்கு வழி திறந்தது நியூசிலாந்தில். ஆக்லாந்து நகரின் மகப்பேறு மருத்துவர் கிரகாம் லிக்கின்ஸ் ஆடுகளைக் கொண்டு ஆய்வு செய்து வந்தார். ஸ்டீராய்டு மருந்து பெற்ற ஆட்டுக்குட்டிகள், மிக முன்னதாகப் பிறந்தும், எதிர்பார்த்ததைவிட அதிக நேரம் மூச்சுவிட்டதை அவர் கவனித்தார். பிறகு குழந்தைநல மருத்துவர் ராஸ் ஹோவியுடன் இணைந்து, குறைமாதப் பேறு நிகழக்கூடிய 282 தாய்மாரிடம் இதைச் சோதித்தார். ஒரு பிரிவினருக்குப் பீட்டாமெத்தசோன் ஊசி, மற்றப் பிரிவினருக்கு ஒப்பீட்டு ஊசி. 1972ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. எதிர்பாராமல் முன்னதாகப் பிறந்த குழந்தைகளுள், மருந்து பெற்ற பிரிவில் தொடக்க நாள்களில் இறந்தவை 3.2 விழுக்காடு, மற்றப் பிரிவில் 15 விழுக்காடு.

இவ்வளவு தெளிவான பயன் தெரிந்த பிறகும், அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு இம்மருந்தைப் பரவலாகப் பரிந்துரைத்தது 1994ஆம் ஆண்டில்தான்.

செல்வ நாடுகளில் பலன் தந்த மருந்து, ஏழை நாடுகளின் சிற்றூர்களிலும் அப்படியே பலன் தருமா? இந்தியா, பாகிஸ்தான், கென்யா, சாம்பியா, அர்ஜென்டினா, குவாத்தமாலா ஆகிய ஆறு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2015ஆம் ஆண்டில் வந்தபோது பலரும் அதிர்ந்தனர். அங்கே மருந்தின் பயன்பாட்டைப் பெருக்கிய பகுதிகளில் பச்சிளங்குழந்தைகளின் இறப்பு குறையவில்லை, சற்றே கூடியது. தாய்மாருக்கு நோய்த்தொற்று ஏற்பட்டதாகக் கருதப்பட்ட நிகழ்வுகளும் கூடின. மருந்து பெற்ற தாய்மாருள் பலர் உண்மையில் குறைமாதத்தில் பெறவே இல்லை.

எனவே உலக நலவாழ்வு நிறுவனம் மீண்டும் ஓர் ஆய்வை மேற்கொண்டது. இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் 29 மருத்துவமனைகளில் 2,852 தாய்மார் இதில் பங்கேற்றனர். டெக்சாமெத்தசோன் பெற்றவர்களின் குழந்தைகளில் 19.6 விழுக்காடும், பெறாதவர்களின் குழந்தைகளில் 23.5 விழுக்காடும் இறந்தன. பயன் உறுதியானதால் ஆய்வு முன்னதாகவே நிறுத்தப்பட்டது. 2020ஆம் ஆண்டில் முடிவு வெளியானது. வயிற்றுக் குழந்தையின் வயது சரியாகத் தெரிந்து, விரைவில் பேறு நிகழும் என்ற நிலையில், தாய்க்கு நோய்த்தொற்று இல்லாமல், சேய்க்குத் தகுந்த கவனிப்பும் இருக்கும் இடத்தில் இம்மருந்து உயிர் காக்கிறது என்பதே நாம் பெற்ற பாடம்.

கருவுற்ற பெண்ணை ஆய்வில் சேர்ப்பது முறையா என்று நம்முள் பலர் தயங்குகிறோம். அத்தயக்கம் நல்லதே. தாய்க்கு எல்லாம் விளங்கும்படி சொல்ல வேண்டும். மறுக்கவும், இடையில் விலகவும் அவருக்கு உரிமை வேண்டும். மறுத்தால் சிகிச்சை குறையக் கூடாது. வலியிலும் அச்சத்திலும் இருக்கும் பெண்ணிடம் அவசரமாகப் பெறும் கையெழுத்து இசைவு ஆகாது. ஆனால், ஆய்வே வேண்டாம் என்று விலக்கிவைத்தால், சோதிக்கப்படாத மருந்தை எல்லாத் தாய்மாருக்கும் கொடுப்போம், அல்லது உயிர் காக்கும் மருந்தைக் கொடுக்காமல் விடுவோம். இரண்டிலும் இழப்பு குழந்தைக்கே.

தங்களுக்குக் கிடைப்பது மருந்தா, வெறும் ஊசியா என்று அறியாமலேயே இசைந்த அன்னையரின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை. இன்று குறைமாதத்தில் பிறந்து, வீடு திரும்பும் பிள்ளைகளைக் காணும்போது அவர்களை நன்றியோடு நினைப்போம்.