பிரேக் குழாய்

பிரேக் குழாய் என்பது தானுந்தின் பிரேக் மிதியில் கொடுக்கப்படும் விசையைப் பாய்மத்தின் வழியாகச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்லும் சிறிய உலோகக் குழாய் ஆகும். இதன் வெளிவிட்டம் பெரும்பாலும் 4.76 மி.மீ. (3/16 அங்குலம்) ஆகும். பழைய தானுந்துகளைப் புதுப்பிக்கும்போது இக்குழாய்களை மாற்றுவது முதன்மையான பாதுகாப்புப் பணியாகும்.

செயல்பாடு

அடைபட்ட பாய்மத்தில் ஏற்படும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் விதி. மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் முதன்மை உருளையில் தோன்றும் அழுத்தம், குழாய்கள் வழியே சக்கர உருளைகளை அடைந்து பிரேக் ஷூக்களை டிரம்மின் உட்புறத்தில் அழுத்துகின்றது.

உத்தரபாராவில் 2014 வரை தயாரிக்கப்பட்ட அம்பாசடர், சென்னையை அடுத்த வண்டலூரில் 1961 முதல் தயாரிக்கப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றின் தொடக்ககால வண்டிகளில் ஒற்றைச் சுற்று அமைப்பே இருந்தது. இவ்வமைப்பில் ஒரு குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களின் பிரேக்கும் செயலிழக்கும்; கைப்பிரேக் மட்டுமே எஞ்சும். பிற்காலத் தானுந்துகளில் உள்ள இரட்டைச் சுற்று இக்குறையை நீக்கியது.

பழுதடையக் காரணங்கள்

எஃகுக் குழாய் வெளிப்புறமாகவும் உட்புறமாகவும் துருப்பிடிக்கும். திண்டிவனத்தை அடுத்த மரக்காணம் போன்ற உப்பளங்கள் நிறைந்த கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று வெளித்துருவை விரைவுபடுத்தும். கிளைக்கால் வகைப் பிரேக் பாய்மம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் உட்துரு உண்டாகின்றது. ஈரம் சேரும்போது பாய்மத்தின் கொதிநிலையும் குறைகின்றது. டாட் 3 வகைப் பாய்மத்தின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 205 °செ. ஆகவும், ஈரம் சேர்ந்தபின் 140 °செ. ஆகவும் வரையறுக்கப்பட்டுள்ளது.

குழாய்ப் பொருள்

எஃகும், செம்பு-நிக்கல் கலப்புலோகமும் ஏற்றவை. கலப்புலோகம் துருப்பிடிக்காது, எளிதில் வளையும். தூய செம்புக் குழாய் அதிர்வினால் இறுகி விரிசல் காணும் என்பதால் தவிர்க்கப்பட வேண்டும்.

வளைத்தலும் பொருத்துதலும்

1. கழற்றிய பழைய குழாயை மாதிரியாக வைத்துக்கொள்ள வேண்டும். அது உடைந்திருந்தால் கட்டுக்கம்பியை வளைத்து மாதிரி செய்யலாம்.
2. குழாயை இரம்பத்தால் அறுக்காமல் குழாய் வெட்டியால் வெட்டி, பிசிறு நீக்கி, உட்புறத்தைக் காற்றால் ஊதித் தூய்மை செய்ய வேண்டும்.
3. முனையை விரிப்பதற்கு முன் நட்டுகளைக் குழாயில் கோத்துவிட வேண்டும். விரித்த முனையின் வடிவம் பொருந்தும் இடத்தின் வடிவத்தோடு ஒத்திருக்க வேண்டும்.
4. பள்ளமுள்ள உருளை கொண்ட வளைப்பானால் வளைக்க வேண்டும். வெறுங்கையால் கூர்மையாக வளைத்தால் குழாய் நசுங்கும். நசுங்கிய துண்டை நிமிர்த்திப் பயன்படுத்தலாகாது.
5. புகைபோக்கி, நகரும் உறுப்புகள் ஆகியவற்றில் படாதவாறு, பழைய பாதையிலேயே பிடிப்பான்களால் இறுக்க வேண்டும்.

பிரித்தானிய வடிவமைப்பில் வந்த பழைய வண்டிகளில் 3/8 அங்குல நட்டுகள் பரவலாக உள்ளன. இவை 10 மி.மீ. மெட்ரிக் நட்டுகளைப் போலவே தோன்றும். ஆனால் புரி வேறுபடுவதால், மாற்றிப் பொருத்தினால் அழுத்தத்தில் பிடிவிட்டுக் கழன்றுவிடக்கூடும்.

காற்று நீக்குதல்

பாய்மத்தைப் போலன்றிக் காற்று அமுங்கும் தன்மையுடையது. குழாயில் காற்று இருந்தால் மிதி மெத்தென்று உள்ளிறங்கும், பிரேக் பிடிக்காது. எனவே முதன்மை உருளைக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கிக் காற்றை வெளியேற்றுவது வழக்கம். பட்டறைகளில் இதனை 'ஏர் எடுத்தல்' என்பர். பின்னர் மிதியை வலுவாக அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு இணைப்பிலும் கசிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

பேச்சுவழக்கில் பிரேக் ஆயில் எனப்பட்டாலும் இப்பாய்மம் கனிம எண்ணெய் அன்று. இயந்திர எண்ணெயை ஊற்றினால் உருளைகளிலுள்ள ரப்பர் வளையங்கள் உப்பிப் பிரேக் செயலிழக்கும்.