பலப்பத்தின் தூசி

எங்க சேரிப் பள்ளிக்கூடத்துல நாங்க முதல் எழுத்து எழுதினது பலப்பத்துலதான். எழுதி, எச்சில் தொட்டு அழிச்சு, மறுபடி எழுதி, விரல் நுனியில் பிடிக்க முடியாத அளவுக்குத் தேயும்வரை எழுதினோம். எழுத்தே மறுக்கப்பட்ட சனங்களுக்குப் பலப்பம் சின்னப் பொருளில்லை. ஆனால் அதை அறுத்தவர்கள் யார், எப்படி அறுத்தார்கள் என்று எந்தப் பாடப்புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை.

மத்தியப் பிரதேசத்தில் மந்த்சௌர் என்றொரு மாவட்டம். சிலேட்டுக் குச்சிக்குப் பேர்போன இடம். மண்ணுக்கடியில் அடுக்கடுக்காகக் கிடக்கும் களிப்பாறையைத் தோண்டிக் கொட்டகைக்குக் கொண்டுவந்து, சுற்று ரம்பத்தில் கொடுத்துக் குச்சியாக அறுப்பார்கள். மின்சார ரம்பம் வந்தபோது குச்சியும் பெருகியது, தூசியும் பெருகியது. குச்சி முதலாளிக்கு; தூசி ரம்பத்தின் முன்னால் குந்தியிருந்தவனுக்கு.

கண்ணுக்குத் தெரிகிற தூசி மூக்கோடு நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா தூள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும். தங்கிய இடம் தழும்பாகிக் கெட்டிப்படும். இதற்குச் சிலிகோசிஸ் என்று பேர். குணப்படுத்த மருந்து இல்லை. காசநோயும் எளிதில் வந்து ஒட்டிக்கொள்ளும். மந்த்சௌர் குச்சித் தொழிலாளர் 593 பேரைச் சோதித்த ஆய்வு 1985இல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய்.

பாதுகாப்பாக அறுக்க வழியே இல்லையா? இருந்தது. முதல் வழி, சிலிக்கா இல்லாத பொருளுக்கு மாறுவது. இரண்டாவது, வெட்டும் இடத்திலேயே தண்ணீர் விட்டுத் தூசியைச் சேறாக்குவது. தண்ணீர் விட முடியாத இடத்தில், ரம்பத்தின் வாயிலேயே உறிஞ்சும் குழாய் வைத்துத் தூசியை இழுப்பது. இத்தனைக்கும் பிறகுதான் முகமூடி. அதுவும் முகத்தோடு இறுகப் பொருந்துகிற, வடிகட்டியுள்ள முகமூடி. வாயில் கட்டும் துணி வெறும் கண்துடைப்பு. ஆனால் பட்டறைகளில் இந்த வரிசை தலைகீழ். துணியில் தொடங்கித் துணியிலேயே முடிந்துவிடும். ஏன்னா துணிக்குக் காசு கிடையாது.

அறியாமையால் நடந்தது என்று சொல்வார்கள். அமெரிக்காவைப் பாருங்கள். தண்ணீர் பாய்ச்சியபடி பாறையைத் துளைக்கும் கருவி 1890களிலேயே அங்கே வந்துவிட்டது. ஆனாலும் 1930இல் மேற்கு வர்ஜீனியாவின் ஹாக்ஸ் நெஸ்ட் மலையில், யூனியன் கார்பைடு நிறுவனத்தின் மின் திட்டத்துக்காகச் சுரங்கம் குடைந்தபோது, சிலிக்கா நிறைந்த பாறையை உலர்வாகவே துளைத்தார்கள். உலர்வாகத் துளைத்தால் வேலை சீக்கிரம் முடியும். உள்ளே இறங்கியவர்களில் பெரும்பாலோர் தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பர்கள். 1936இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது. குறைந்தது 764 பேர் செத்திருப்பார்கள் என்று மார்ட்டின் செர்னியாக் 1986இல் கணக்கிட்டார். அதே கார்பைடுதான் 1984இல் போபாலில் விஷவாயுவைத் திறந்துவிட்டது. போபாலும் மந்த்சௌரும் ஒரே மாநிலம்.

ஆக, வழி தெரியாமல் யாரும் சாகவில்லை. எந்த வழி என்று தேர்ந்தெடுத்தவன் ஒருவன், மூச்சை இழந்தவன் வேறொருவன். நம் ஊரில் அந்தக் கோடு சாதியின் மேல் போகிறது. அமெரிக்காவில் நிறத்தின் மேல் போனது.

1982இல் மத்தியப் பிரதேச அரசு சிலேட்டுக் குச்சித் தொழிலாளர் நல நிதிக்கென்று தனிச் சட்டமே போட்டது. வேண்டியதுதான். ஆனால் நிதி நோய் வந்த பிறகு வருவது. உறிஞ்சு குழாய் நோய் வராமல் காப்பது.

பலப்பம் இன்று குறைந்துவிட்டது, தூசி குறையவில்லை. சமையலறை மேடைக்கென்று வரும் செயற்கைக் குவார்ட்ஸ் கல்லில் பெரும்பகுதி சிலிக்காதான். அதை அறுத்த இளைஞர்கள் பலர் நோயில் விழுந்ததால், 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியா அந்தக் கல்லையே தடைசெய்தது. முதல் வழியை ஒரு நாடு எடுத்துக் காட்டிவிட்டது.

இங்கே நம்ம பிள்ளைங்க கைமிஷினில் கல்லை உலர்வாக அறுத்துக்கிட்டு, வாயில் கைக்குட்டையோடு நிற்கிறாங்க. அவங்ககிட்ட ஒண்ணு சொல்லுங்க தோழர்களே. கூலி எவ்வளவுன்னு கேட்கும்போதே, தண்ணிக் குழாய் எங்கேன்னும் மேஸ்திரிகிட்ட கேட்கட்டும்.