சிறந்தவர் யார்? (பட்டிமன்றப் பொருள்)

ஒரே துறையில் பெயர்பெற்ற இருவரையோ மூவரையோ எதிரெதிரே நிறுத்தி, அவர்களுள் மேலானவர் யார் என்று அவையில் வாதிட்டுத் தீர்ப்புச் சொல்லும் பட்டிமன்ற வகை. காப்பிய மாந்தர், கவிஞர், திரைக்கலைஞர், விளையாட்டு வீரர் என எவரும் இதற்குப் பொருளாகலாம். தமிழ்நாடு முழுவதிலும் இலங்கையிலும் தமிழர் குடியேறிய பிற நாடுகளிலும் நடைபெறுகிறது. எனினும் இதன் பேச்சாளர்களிலும் நடுவர்களிலும் பலர் மதுரை, காரைக்குடி, திண்டுக்கல் வட்டாரத்திலிருந்து வந்தவர்கள்.

பழைய சான்றுகள்

அறிஞர் கூடி வாதிடும் பட்டிமண்டபம் சிலப்பதிகாரத்திலும் மணிமேகலையிலும் சுட்டப்படுகிறது. இரண்டிலும் இடம் மதுரையன்று, புகார். அம்மண்டபம் மகத நாட்டு வேந்தன் சோழனுக்குக் கொடுத்தது என்கிறது சிலம்பு. வாதுக்கு அழைத்து ஆசிரியர்கள் ஏற்றிய கொடிகளைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அயோத்தியை வருணிக்கும்போது கம்பரும் அங்கே ஒரு பட்டிமண்டபத்தை வைக்கிறார். மதுரைக்கு அருகே திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர், ஒன்றும் அறியாத தம்மை இறைவன் பட்டிமண்டபம் ஏற்றிவிட்டான் என்று பாடுகிறார். மேடைக்கு வரும் பேச்சாளர் தம்மைத் தாழ்த்திக்கொண்டு தொடங்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

மதுரையில் நடந்தனவாக மரபு கூறும் வாதங்கள் பெரும்பாலும் சமயம் பற்றியவை. ஞானசம்பந்தர் சமணரோடு நிகழ்த்திய அனல்வாதமும் புனல்வாதமும் 7ஆம் நூற்றாண்டினவாகக் கருதப்படுகின்றன. வைகையில் எதிரேறிச் சென்ற ஏடு கரைசேர்ந்த இடம் திருவேடகம் என்பர். வில்லிபுத்தூரிலிருந்து வந்த பெரியாழ்வார் பாண்டியன் அவையில் வாதிட்டுப் பொற்கிழி பெற்றது வைணவ மரபு. நக்கீரர் இறைவனோடே வாதிட்டதைச் சொல்லும் திருவிளையாடல் கதையிலும் ஒரு பொற்கிழி வருகிறது. அக்கதையை இன்றைய தமிழர் மனத்தில் நிறுத்தியது புராணத்தைக் காட்டிலும் 1965ஆம் ஆண்டுத் திரைப்படமே எனலாம். அதில் நக்கீரராக நடித்தவர் படத்தின் இயக்குநர் ஏ. பி. நாகராசன். இவ்வாதங்களை இன்றைய பட்டிமன்றத்தின் நேர் முன்னோடிகளாகக் கொள்வோர் உளர். ஆனால் அங்கே எழுந்த கேள்வி ‘எது மெய்’ என்பது, ‘யார் மேல்’ என்பதன்று.

இடைப்பட்ட நூற்றாண்டுகளில் குறிப்பிடத் தக்கது, வள்ளலாரின் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று எழுந்த வழக்கு. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபின் இலக்கிய மேடைப்பேச்சுக்கு ஊரில் நிலையான இடம் கிடைத்தது.

கம்பன் விழாக் காலம்

இவ்வகையின் வளமான காலம் காரைக்குடிக் கம்பன் கழகத்தோடு தொடர்புடையது. அக்கழகத்தைச் சா. கணேசன் 1939இல் தொடங்கினார். நான்காண்டு கழித்து, கம்பராமாயணத்தை எரிக்க வேண்டுமா வேண்டாமா என்பதே தமிழகத்தில் பெரிய வழக்காயிற்று. 1943இல் சி. என். அண்ணாதுரை சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியாரோடும் வாதிட்டார். பின்னவர் மதுரைப் பசுமலையில் வாழ்ந்தவர். அண்ணாதுரையின் வாதம் ‘தீ பரவட்டும்’ என்னும் நூலாக வந்தது. அந்த மேடைகளில் இருதரப்பும் பேசின, அவையோர் கேட்டனர், நூல் எரியவில்லை.

கம்பன் விழாவில் நேரம் தவறாமை ஒரு விரதம்போல் காக்கப்பட்டது. குறித்த மணிக்குக் கூட்டம் தொடங்கும், யார் வந்தாலும் வராவிட்டாலும் தொடங்கும். கதரணிந்த காங்கிரசுக்காரரான கணேசன், பொதுவுடைமையாளர் ப. ஜீவானந்தத்தை அழைத்துக் கம்பனைப் பேசவைத்தார். இன்றைய வடிவிலான பட்டிமன்றத்தைத் தொடங்கிவைத்தவர் கணேசன் என்பர் ஒரு சாரார். குன்றக்குடி அடிகளார் (1925–1995) என்பர் மற்றொரு சாரார். இருவரும் அடுத்தடுத்த ஊரினர், ஒரே மேடையில் பழகியவர்கள். ஆதலால் இவ்விரு கூற்றும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றவில்லை. இலக்கியத்துக்குள் இருந்த பட்டிமன்றத்தைச் சமூகச் சிக்கல்களின் பக்கம் திருப்பியவர் அடிகளார் என்பதில் பெரும்பாலோர் உடன்படுகின்றனர்.

அமைப்பு எளியது. நடுவில் நடுவர், இருபுறமும் அணிக்கு மூவர், நடுவரின் மேசைமேல் ஒரு மணி. பேச எழுபவர் ‘நடுவர் அவர்களே’ என்று தொடங்குவார். எதிரணியினரைப் பாராட்டிவிட்டு அடுத்த மூச்சில் அவர்கள் வாதத்தை உடைப்பார். நேரம் முடிந்தால் மணி ஒலிக்கும். மணிக்குப் பின்னும் ‘ஒரே ஒரு கருத்து’ என்று தொடர்வது பேச்சாளர் உரிமைபோல் ஆகிவிட்டது. நடுவர் ஒவ்வொருவர் பேச்சுக்கும் இடையில் தொகுத்துரைத்து, இறுதியில் தீர்ப்பளிப்பார்.

‘உடன்பிறப்பில் சிறந்தவன் பரதனா, இலக்குவனா?’ என்பது பலமுறை பேசப்பட்ட தலைப்பு. பரதன் அணியின் கையில் இரண்டு வலுவான சான்றுகள் உண்டு. கோசலை இராமனிடமே பரதனை அவனினும் நல்லவன் என்கிறாள்; குகன் ஆயிரம் இராமரும் பரதனுக்கு ஈடாகார் என்ற அளவுக்குப் போகிறான். இலக்குவன் அணி இதற்கு விடையாகக் கங்கைக் கரை இரவை எடுத்துவரும். இராமனும் சீதையும் உறங்க, வில்லூன்றி விடியும்வரை கண்ணிமைக்காமல் நின்றவன் இலக்குவன். அதைப் பரதனிடம் சொல்பவனும் அதே குகன்தான். ஒரே சாட்சியை இரு அணியும் கூண்டில் ஏற்றும் இவ்விடத்தில் அவை களைகட்டும்.

‘கும்பகருணனா, வீடணனா?’ என்பது இதைவிடக் கடினமான வழக்கு. அண்ணன் தவறு செய்கிறான் என்று இருவருக்கும் தெரியும், இருவரும் அவனிடம் எடுத்துச் சொன்னவர்களே. ஒருவன் அறத்தின் பக்கம் போனான். மற்றவன் உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தான். போர்க்களத்தில் வீடணன் நேரில் வந்து அழைத்தும் கும்பகருணன் மறுக்கும் காட்சியைக் கம்பர் விரிவாக எழுதியிருப்பதால் இரு அணிக்கும் பொருள் பஞ்சமில்லை. வாலி, இந்திரசித்தன், கர்ணன் ஆகியோரும் அடிக்கடி மேடை ஏறியவர்கள். சிலம்பிலிருந்து கண்ணகியும் மாதவியும் வந்தனர். கண்ணகி எரித்ததாகச் சொல்லப்படும் ஊரிலேயே மாதவிக்காக வாதிடுவது பேச்சாளருக்குத் தனிச் சவால்.

தீர்ப்புகளைப் பார்த்தால் ஒரு போக்குத் தெரியும். சில நடுவர் ஒரு பக்கம் சாய்வர். சிலர் ‘இருவரும் சிறந்தவரே’ என்று விழா நடத்துவோர் மனம் கோணாமல் முடிப்பர். தேர்ந்த நடுவர் எந்தக் குணத்தைக் கொண்டு அளந்தால் யார் முந்துவார் என்று சொல்லி, அளவுகோலையே தீர்ப்பாக்குவர். ‘யார்’ என்று கேட்கும் தலைப்பு உண்மையில் ‘எது சிறப்பு’ என்று கேட்கிறது என்பதை முதலில் கண்டுகொண்டவர்கள் இவர்களே.

மதுரைப் பேராசிரியர்கள்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பட்டிமன்றம் கழக மேடையிலிருந்து கோயில் திருவிழா மேடைக்கு வந்தது. மதுரையைச் சுற்றிய ஊர்களில் பங்குனிப் பொங்கல், முளைப்பாரி என விழா எதுவாயினும் ஓர் இரவு நாடகம், ஓர் இரவு பாட்டுக் கச்சேரி, ஓர் இரவு பட்டிமன்றம் என்று நோட்டீஸ் அடிக்கும் வழக்கம் பரவிற்று. கூட்டம் பாய் விரித்து நடுத்தெருவிலேயே உட்காரும், பேச்சு நள்ளிரவைத் தாண்டும். கம்பனை மட்டும் பேசி இந்த அவையை நிறுத்திவைக்க முடியாது. தலைப்புகள் கணவனா மனைவியா, மகனா மகளா என்று வீட்டுக்குள் நுழைந்தன.

இம்மாற்றத்தின் முதன்மை உருவம் சாலமன் பாப்பையா. திருமங்கலத்தை அடுத்த சாத்தங்குடியில் 1936இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். மதுரைப் பேச்சுவழக்கைத் திருத்தாமலே நடுவர் இருக்கைக்குக் கொண்டுவந்தார். எதிரே இருப்பது கல்லூரி மாணவரா, களத்துமேட்டு விவசாயியா என்று பாராமல் ஒரே தமிழில் பேசினார். 1993இல் தொடங்கிய சன் தொலைக்காட்சி வழியே இவர் தீர்ப்பு பண்டிகைக் காலைகளின் பகுதியாயிற்று. இவரோடு பேசிய ராஜா, பாரதி பாஸ்கர் இருவரும் வங்கிப் பணியில் இருந்தவர்கள். மதுரைத் தியாகராசர் கல்லூரிப் பேராசிரியர் கு. ஞானசம்பந்தன் நகைச்சுவையைத் தம் முறையாகக் கொண்டார். நடுவராகப் புகழ்பெற்ற பெண்களில் சரசுவதி இராமநாதன் குறிப்பிடத் தக்கவர்.

திண்டுக்கல் ஐ. லியோனி பள்ளி ஆசிரியராக இருந்தவர். பழைய திரைப்பாட்டா, புதிய திரைப்பாட்டா என்னும் தலைப்பில் பாடிக்காட்டியே வாதிடும் முறையை இவர் பரப்பினார். இவருடைய பட்டிமன்ற ஒலிநாடாக்கள் தேநீர்க் கடைகளிலும் பேருந்துகளிலும் ஒலித்தன. இது பட்டிமன்றமா, பாட்டுக் கச்சேரியா என்ற குறை அப்போதே எழுந்தது, இன்றும் தீரவில்லை.

திரையும் திடலும்

மேடைக்கு வெளியே மதுரையில் நெடுங்காலம் நடந்த வழக்கு எம்.ஜி.ஆரா, சிவாஜியா என்பது. 1952இல் சிவாஜியின் ‘பராசக்தி’ மதுரைத் தங்கம் திரையரங்கில் ஓடியது. 1958இல் ‘நாடோடி மன்னன்’ வெற்றி விழா இதே ஊரில் நடந்தபோது எம்.ஜி.ஆருக்குத் தங்கவாள் பரிசளிக்கப்பட்டது. இரு தரப்பு ரசிகர்க்கும் ஊர் சொந்தம், நடுவர்தான் இல்லை. பட்டிமன்ற மேடைகள் நடிகரை நேருக்கு நேர் நிறுத்தத் தயங்கிக் கண்ணதாசனா, வாலியா என்று கவிஞர் வழியாகவே அப்பக்கம் போயின.

விளையாட்டில் இத்தகைய வாதம் கால்பந்தைச் சுற்றியும் வளர்ந்தது. 2000ஆம் ஆண்டு ஃபிஃபா நூற்றாண்டின் சிறந்த வீரரைத் தேர்ந்தபோது இணைய வாக்கெடுப்பில் மாரடோனா முந்தினார். ஃபிஃபா இதழின் வாசகரும் நடுவர் குழுவும் பெலேயைத் தேர்ந்தனர். இருவருக்கும் விருது கொடுத்து முடித்தார்கள். பட்டிமன்றம் கேட்டுப் பழகியவர்க்கு இத்தீர்ப்பு புதிதன்று. மூன்று உலகக் கோப்பை பெற்ற பெலேயை எண்ணிக்கையாலும், 1986இல் அணியைத் தோளில் சுமந்த மாரடோனாவை ஒற்றைத் தொடராலும் அளப்பது பரதன்–இலக்குவன் வழக்கின் அதே முறை. 2022இல் மெஸ்ஸி கோப்பை வென்றபின் வழக்கில் மூன்றாம் அணி சேர்ந்தது. அவ்வாண்டு கேரளத்தின் புல்லாவூரில் ஆற்றுக்குள் மெஸ்ஸிக்கு ஓர் உருவப்பலகை எழுந்தது. அடுத்து அதைவிட உயரமாக நெய்மாருக்கு, அதையும் மிஞ்சி ரொனால்டோவுக்கு. மதுரையில் கிரிக்கெட்டே முன்நிற்பதால் இத்தலைப்பு தேநீர்க் கடை அளவிலேயே நிற்கிறது.

அண்மைக் காலம்

2021இல் சாலமன் பாப்பையாவுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு லியோனி தமிழ்நாடு பாடநூல் கழகத் தலைவராக அமர்த்தப்பட்டார். தொலைக்காட்சியில் பண்டிகைப் பட்டிமன்றங்கள் தொடர்கின்றன, அவற்றின் தலைப்புகள் பெரும்பாலும் குடும்பம் பற்றியவை. பரதனா இலக்குவனா என்பதைக் கேட்க இன்றும் கம்பன் விழாவுக்குத்தான் போக வேண்டும்.