ஆளொழிந்த மனைகளும் அச்சமும்: கல்முனைக் கரையோரம் பற்றிய ஒரு குறிப்பு

ஒக்டோபர் 31ஆம் நாள் இரவு மேலைநாடுகளில் ஹாலோவீன் எனப்படும். அந்நாளையொட்டிப் பேயுறைவதாகப் பெயர்பெற்ற கோட்டைகளையும் பழஞ்சிறைகளையும் கட்டணஞ் செலுத்திப் பார்த்துவரும் வழக்கம் இன்று பெருவணிகமாக வளர்ந்துள்ளது. அமெரிக்காவின் சேலம் நகரில் 1692இல் சூனியம் செய்தோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். மற்றொருவர் பாறாங்கற்களை ஏற்றி நசுக்கிக் கொல்லப்பட்டார். நீதியின் பெயரால் நிகழ்ந்த அக்கொலைகளே இன்று அந்நகரின் ஒக்டோபர் மாத வருவாய்க்கு முதலீடாகியுள்ளன. பேய் உண்டா இல்லையா என்ற விவாதத்துள் நாம் புகவேண்டியதில்லை. ஓரிடம் எப்போது, எக்காரணத்தால், யாருடைய செயலால் அஞ்சத்தக்கதாயிற்று என்பதே வரலாற்று மாணவன் கேட்கவேண்டிய கேள்வி.

ஹாலோவீனின் மறுநாள் சகல புனிதர் திருநாள். அதற்கடுத்த நவம்பர் 2ஆம் நாளிலே நம் கத்தோலிக்க மக்கள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவதை மட்டக்களப்பில் வாழ்ந்தோர் அறிவர். உத்தரிக்கிற ஸ்தலத்தில் வருந்தும் ஆன்மாக்களுக்காக மன்றாடுவதே அந்நாளின் நோக்கமாகும். 16ஆம் நூற்றாண்டிற் சீர்திருத்தத் திருச்சபைகள் உத்தரிக்கிற ஸ்தலம் என்ற கோட்பாட்டையே மறுத்தன. ஆகவே, இறந்தோரின் ஆவி திரும்பிவருவதற்குக் கோட்பாட்டளவில் இடமில்லாது போயிற்று. தோன்றுவது ஆவியன்று, சாத்தானின் மாயமே எனப் போதகர்கள் கூறினர். எனினும் இங்கிலாந்தின் ஆவிக்கதைகள் மறையவில்லை என்பதைக் கீத் தோமஸ் 1971இல் வெளியிட்ட ஆய்வுநூல் விரிவாக எடுத்துக்காட்டியுள்ளது.

இதனையொத்த நிலையொன்றைக் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய முஸ்லிம் ஊர்களிலும் காணலாம். இஸ்லாமியக் கோட்பாட்டின்படி இறந்தவரின் உயிர் மறுமைநாள் வரை ‘பர்ஸக்’ என்னும் இடைநிலையில் தங்கும். அது மனைகளைச் சுற்றித் திரிவதில்லை. மனிதரை அச்சுறுத்துவன, நெருப்பிலிருந்து படைக்கப்பட்ட ஜின்களே. ஆயினும், தமிழ் பேசும் இம்மக்களின் நாவிலே ஜின், சைத்தான், பேய் என்னும் மூன்று சொற்களும் பெரும்பாலும் வேறுபாடின்றியே வழங்குகின்றன. கோட்பாடு ஒருபுறமிருக்க, அயலிலுள்ள சைவத் தமிழரோடு பகிர்ந்துகொண்ட மொழி மறுபுறம் நின்று அச்சத்திற்குப் பெயரிடுகின்றது. இதனை அறியாமை என்று ஒதுக்குவோர் மொழியின் வலிமையை அறியாதோர் எனலாம்.

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளி இவ்விடத்தில் உற்றுநோக்கத்தக்கது. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து நாகூரில் அடக்கமான சாகுல் ஹமீது வலியின் நினைவாக அமைந்த தர்கா அது. ஆண்டுதோறும் ஜமாதுல் ஆகிர் மாதத்தில் அங்கு கொடியேற்றம் நிகழும். கொடியேற்றம் என்ற சொல்லும் கோயிலுக்கும் தர்காவுக்கும் பொதுவானதே. பிறையைக் கணித்து வரும் மாதமாதலின், இவ்விழா ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னகர்ந்து, மாரியிலும் கோடையிலும் மாறிமாறி வரும். ஹாலோவீன் போன்று அதற்கெனக் குறித்த பருவமொன்றில்லை.

கல்முனையில் அவ்வலியாரின் உடல் இல்லை. பினாங்கிலும், 1828–1830 அளவிற் சிங்கப்பூரின் தெலோக் ஆயர் வீதியிலும் தமிழ் முஸ்லிம் வணிகரும் கடலோடிகளும் எழுப்பிய நாகூர் தர்காக்களும் இத்தகையனவே. தெலோக் ஆயர் வீதி அக்காலத்திற் கடற்கரையாக இருந்தது. பின்னரே கடல் தூர்க்கப்பட்டது. கலஞ்செலுத்துவோரின் காவலராகக் கருதப்பட்டவருக்கு நினைவிடங்கள் கரையோரமாகவே எழுந்தமை வியப்பன்று. இங்கே ஒரு முரண் புலனாகின்றது: மேலைநாட்டுப் பேய்மனை, அங்கு இறந்தவர் நீங்கவில்லை என்பதாற் பெயர்பெறுகின்றது, கடற்கரைப் பள்ளியிலோ எவரும் அடங்கியிராத இடத்துக்கு மக்கள் நேர்ச்சையோடு வருகின்றனர். தர்கா வழிபாட்டை மறுக்கும் சீர்திருத்தவாதிகள் இதனையே தம் வாதத்துக்கு ஆதாரமாக்குவர். அவ்வாதம் மார்க்க அறிஞர்க்குரியது.

2004 டிசெம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்தைச் சூறையாடியது. இலங்கையில் மிகக் கூடுதலான உயிரிழப்பு அம்பாறை மாவட்டத்திலேயே நேர்ந்தது. கடற்கரைப் பள்ளியும் சிதைவுற்றுப் பின்னர் புதுப்பிக்கப்பட்டது. ஆனால், கரையோர மனைகள் பாழாகக் கிடந்தமைக்குக் கடல் மட்டும் காரணமன்று. அலைக்குப் பின் அரசு, கிழக்கிலே 200 மீற்றர், தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர் எனக் கட்டடத் தடைவலயம் வகுத்தது. கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, இடைப்பட்ட மணல்மேட்டில் வீட்டோடு வீடொட்டி வாழும் கல்முனைக்குடி, சாய்ந்தமருது மக்களுக்கு 200 மீற்றர் என்பது ஊரின் ஒரு பகுதியையே இழப்பதாகும். தடை பின்னர் தளர்த்தப்பட்டது. இடைக்காலத்தில் கூரையற்ற சுவர்களும் தூர்ந்த கிணறுகளும் அச்சம் குடிகொள்ளும் இடங்களாயின. 1964 டிசெம்பர்ப் புயலுக்குப் பின், வாழத் தகாத இடமென அரசு அறிவித்த தனுஷ்கோடியும் இவ்வாறே ‘பேய்நகர்’ என்ற பெயர்பெற்று, இன்று உல்லாசப் பயணிகள் ஒளிப்படமெடுக்கும் இடமாகியுள்ளது. அங்கு எஞ்சி வாழும் மீனவர் அப்படங்களில் இடம்பெறுவது அரிது.

அக்கரைப்பற்றுப் பகுதியின் நுரைச்சோலை இதனினும் தெளிவான சான்றாகும். ஆழிப்பேரலையாற் பாதிக்கப்பட்ட முஸ்லிம் மக்களுக்கெனச் சவூதி அரேபிய நிதியில் அங்கே 500 வீடுகளும், பாடசாலை, மருத்துவமனை, பள்ளிவாசல், சந்தை ஆகியனவும் கட்டப்பட்டன. தீகவாபிப் புனித பூமியை அண்டிய நிலம் என எதிர்ப்பெழுந்தது, வழக்குத் தொடரப்பட்டது. 2009இல் உயர் நீதிமன்றம், வீடுகளைத் தேசிய இனவிகிதாசாரப்படி பகிருமாறு பணித்தது. வீடுகள் பல்லாண்டுகள் கையளிக்கப்படாது கிடந்தன. கதவுகளும் சன்னல்களும் களவுபோயின, காடு மண்டிற்று. அவ்வீடுகளில் இறந்தவர் எவருமிலர், வாழ்ந்தவரும் இலர். ஆயினும் அந்திப்பொழுதில் அவற்றைக் காண்போர்க்குப் பேய்மனை என்ற சொல்லே முதலில் நாவுக்கு வரும். நிதியும் வழக்கும் நிருவாகமும் சேர்ந்து ஆக்கிய பாழ் அது.

தடைவலயத்துள் இருந்த மனைகள் யாருடையவை, அவர்கள் எங்குச் சென்றனர், எவர் திரும்பினர் என்னும் விபரங்களைக் கிராம சேவையாளர் பதிவேடுகளோடும் பள்ளிவாசற் குறிப்புகளோடும் ஒப்பிட்டுத் தொகுக்கும் பணியை நம் பல்கலைக்கழக மாணவர் மேற்கொள்ளலாம். அம்மனைகளைப் பெயர்சொல்லிக் காட்டக்கூடிய முதியோர் இன்னும் இக்கரையில் வாழ்கின்றனர்.